காசிக்கும் ராமேசுவரத்துக்கும் செல்லவிருக்கும் வயதான பெற்றோருக்கு எந்தத் தடுப்பூசிகள் தேவை?

கேள்வி: பட்டர்வொர்த் வாசகி

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு 72 வயது. இனிப்பு நீரும் இரத்த அழுத்தமும் உள்ளவர். இரவில் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். தாயாருக்கு 67 வயது, ஆஸ்துமா உண்டு. மகாளய அமாவாசைக்குக் காசியில் திதி கொடுத்துவிட்டு, ராமேசுவரம் சென்று, பிறகு சென்னையில் உறவினர் வீட்டில் தங்கித் திரும்ப வேண்டும் என்பது அப்பாவின் நெடுநாள் விருப்பம். மொத்தம் ஒரு மாதப் பயணம். புறப்பட இன்னும் ஏழு வாரங்கள் உள்ளன. இந்தியாவுக்கு எந்த ஊசியும் கட்டாயமில்லை என்று பயண முகவர் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரரோ மஞ்சள் காய்ச்சல் ஊசி இல்லாமல் போகக் கூடாது என்கிறார். அப்பாவைக் கேட்டால், தோட்டத்து ஆற்றுநீரைக் குடித்து வளர்ந்த உடம்புக்கு எதுவும் வராது என்கிறார். யார் சொல்வதை நம்புவது, எதிலிருந்து தொடங்குவது?

பதில்: ஓய்வுபெற்ற தாதி, புக்கிட் மெர்தாஜாம்

சகோதரி, முகவர் சொன்னது சரிதான். ஆனால் அவர் பதில் சொன்னது வேறொரு கேள்விக்கு. கட்டாய ஊசி என்பது ஒரு நாடு தன் எல்லைக்குள் நோய் நுழையாமலிருக்க வைத்திருக்கும் விதி. உங்கள் தந்தையின் நுரையீரல் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அந்த விதி பார்ப்பதில்லை.

முதலில் மஞ்சள் காய்ச்சலை ஒதுக்கிவிடுவோம். அந்நோய் ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் உண்டு, இந்தியாவில் கிடையாது. நோயுள்ள நாடுகளிலிருந்து வருவோரிடம்தான் இந்தியாவும் மலேசியாவும் அதன் சான்றிதழைக் கேட்கின்றன. அது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரித்த ஊசி என்பதால், 60 வயதுக்கு மேல் முதன்முறையாகப் போட்டுக்கொள்வோருக்குக் கடுமையான பின்விளைவு ஏற்படும் வாய்ப்பு, அரிதே என்றாலும், இளையவர்களைவிடக் கூடுதல். தேவையில்லாத பயணத்துக்கு அதைப் போடச் சொல்வது நல்ல ஆலோசனை அன்று.

உங்கள் பெற்றோருக்கு நான் முதலில் வைப்பது சளிக்காய்ச்சல் (இன்ஃப்ளுயென்ஸா) ஊசியையும், நிமோனியாவை உண்டாக்கும் ஒரு கிருமியைத் தடுக்கும் நிமோகாக்கல் ஊசியையும்தான். பயண ஊசி என்றதும் இவை யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. ஆனால் அமாவாசைக் கூட்டத்தில் இனிப்பு நீர் உள்ளவரையும் ஆஸ்துமா உள்ளவரையும் மருத்துவமனைப் படுக்கையில் சேர்க்கக்கூடியது நெஞ்சுச் சளியும் நிமோனியாவும்தான். சளிக்காய்ச்சல் ஊசி வேலை செய்ய ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். ஆண்டுதோறும் போட வேண்டும். நிமோகாக்கல் ஊசியில் சில வகைகள் உள்ளன. அக்கிருமியின் 20 உட்பிரிவுகளைத் தடுக்கும் ஊசியானால் ஒன்றே போதும். 13 உட்பிரிவுகளைத் தடுப்பதைப் போட்டால், பின்னர் 23 உட்பிரிவுகளுக்கான வேறோர் ஊசியையும் போட வேண்டியிருக்கும். சளிக்காய்ச்சல் ஊசியையும் ஒரு நிமோகாக்கல் ஊசியையும் ஒரே நாளில், வெவ்வேறு கைகளில் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது டைபாய்டு. தெற்காசியாவில் இந்நோய் இன்னும் பரவலாக இருப்பதோடு, பழைய மருந்துகள் பலவற்றுக்குக் கட்டுப்படாத கிருமிகளும் அங்கே உள்ளன. நம் மலேசியாவில் உணவகத் தொழிலாளர்கள் கட்டாயம் போட வேண்டிய ஊசிதான் இது என்பதால் அக்கம்பக்கத்துக் கிளினிக்குகளிலேயே கிடைக்கும். புறப்படுவதற்குக் குறைந்தது இரண்டு வாரங்களுக்கு முன் போட வேண்டும். இதன் பாதுகாப்பு முழுமையானதன்று. கொதித்தாறிய நீரும் சூடான உணவும் ஊசி போட்ட பிறகும் தேவை. கங்கை நீரைத் தலையில் தெளித்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளும்படி அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள்.

ஆற்றுநீர் பற்றி அவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. அந்தக் காலத்தில் தோட்டங்களில் வளர்ந்த பலருக்குச் சிறுவயதிலேயே ஹெபடைடிஸ் ஏ என்னும் கல்லீரல் நோய் தொற்றி, வாழ்நாள் எதிர்ப்பாற்றல் வந்திருக்கும். ஓர் எளிய இரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும். இருந்தால் அந்த ஊசிச் செலவு மிச்சம். டைபாய்டுக்கு அப்படிப்பட்ட நிரந்தரப் பாதுகாப்பு கிடையாது.

இறுதியாக டெட்டனஸ். ராமேசுவரத்தில் 22 தீர்த்தங்களிலும் நீராடி, ஈரக் கல்தரையில் வெறுங்காலோடு நடக்கப் போகிறார். இனிப்பு நீரால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் காலில் எது குத்தினாலும் அவருக்குத் தெரியாது. பத்து ஆண்டுகளுக்குள் டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். ஒவ்வொரு இரவும் அவருடைய பாதங்களை அம்மா விளக்கொளியில் பார்த்துவிட வேண்டும்.

பதில்: மருந்தாளர், பிரிக்பீல்ட்ஸ்

அம்மையார் ஊசிகளைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் மருந்துப் பையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இன்சுலினைக் கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும். சரக்கறைக்குப் போகும் பெட்டியில் அது உறைந்து கெட்டுவிடக்கூடும். மருந்துகளின் பொதுப்பெயர்களும் அளவுகளும் கொண்ட மருத்துவர் கடிதம் ஒன்றும் கையில் இருக்கட்டும். பலர் அறியாத ஆபத்து ஒன்று உண்டு. மலேசியாவில் நாம் பயன்படுத்தும் இன்சுலின் ஒரு மில்லிலிட்டருக்கு 100 அலகு கொண்டது. இந்தியாவில் குப்பியில் விற்கப்படும் இன்சுலின் பெரும்பாலும் 40 அலகு. அங்குள்ள சிரிஞ்சும் அதற்கேற்பக் குறியிடப்பட்டது. இங்குள்ள இன்சுலினை அந்த 40 அலகுச் சிரிஞ்சில் அதே எண் வரை இழுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும். ஆகவே ஒரு மாதத்துக்குத் தேவையானதையும் அதற்கு மேல் இரண்டு வாரத்துக்கானதையும், ஊசிமுனைகள் உட்பட, இங்கிருந்தே கொண்டு போகச் சொல்லுங்கள்.

வயிற்றுப்போக்கு வந்தால் வயதானவர்களுக்கு முதல் ஆபத்து நீரிழப்பு. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களை மறக்க வேண்டாம். மெட்ஃபார்மின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளையும் சில இரத்த அழுத்த மாத்திரைகளையும் அத்தகைய நாள்களில் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும்; எவற்றை, எப்போது மீண்டும் தொடங்குவது என்பதை மருத்துவரிடம் இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள். இன்சுலினைத் தாமாக நிறுத்தக் கூடாது. அம்மாவின் இன்ஹேலரும் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

பயணக் காப்புறுதி எடுக்கும்போது இருக்கும் நோய்கள் அனைத்தையும் அறிவித்துவிடுங்கள். மறைத்தால் பிறகு கோரிக்கையை நிராகரிக்க அதுவே காரணமாகிவிடும்.

பதில்: ஜார்ஜ் டவுன் வாசகர்

வெறிநாய்க்கடியை யாரும் குறிப்பிடவில்லையே. 2015ஆம் ஆண்டு பினாங்கிலும் கெடாவிலும் பெர்லிஸிலும் நாய்களிடையே அது பரவியபோது இங்கே எழுந்த அச்சம் பலருக்கு நினைவிருக்கும். இந்தியாவில் அது அன்றாட அபாயம். காசியில் சங்கட மோசன் கோயில் போன்ற இடங்களில் குரங்குகளும் ஏராளம். கையில் பிரசாதம் இருந்தால் பறிக்க வரும். கடித்தாலோ கீறினாலோ, காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஒரு வார இடைவெளியில் இரண்டு முன்தடுப்பு ஊசிகளைப் போட்டுக்கொண்டால், கடிபட்ட பின் எளிதில் கிடைக்காத இம்யூனோகுளோபுலின் (உடனடிப் பாதுகாப்புக்கான எதிர்ப்புப் புரத மருந்து) தேவைப்படாது. மேலும் இரண்டு ஊசிகள் போதும். ஒரு மாதப் பயணத்துக்கு அது மிகை என்று சிலர் சொல்லலாம். என் பெற்றோராக இருந்தால் நான் போட்டே அனுப்புவேன்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. இன்னொன்றும் கேட்க வேண்டும். கேதார்நாத்தையும் சேர்த்துக்கொள்ளலாம், ஹெலிகாப்டரில் போவதால் வயதானவர்களுக்குச் சிரமமே இராது என்று முகவர் ஆசை காட்டுகிறார். அப்பா கிட்டத்தட்ட இசைந்துவிட்டார்.

பதில்: ஓய்வுபெற்ற தாதி, புக்கிட் மெர்தாஜாம்

கேதார்நாத் 3,583 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஹெலிகாப்டர் கால்வலியைத்தான் குறைக்கும். குறைந்த உயிர்வளிக்கு உடல் பழக வேண்டிய நாள்களைச் சில நிமிடங்களாகச் சுருக்கிவிடும். அங்குள்ள குளிர் ஆஸ்துமாவைத் தூண்டலாம். சர்க்கரை அளவைப் பார்க்கும் கருவியும் குளிரில் தவறாகக் காட்டக்கூடும். இருவருக்கும் இதயப் பரிசோதனை செய்து, மருத்துவர் நேரில் பார்த்து ஒப்புதல் தராமல் அதற்கு முன்பணம் கட்ட வேண்டாம். இந்த வாரமே கிளினிக்கில் முன்பதிவு செய்துவிடுங்கள். மைசெஜாத்ரா செயலியில் உள்ள பழைய தடுப்பூசிப் பதிவுகளையும், அப்பா சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும் அட்டையோடு ஒரு பையில் போட்டும் எடுத்துச் செல்லுங்கள். இரத்தம் உறையாமலிருக்க ஏதேனும் மருந்து சாப்பிடுகிறார் என்றால், ஊசி போடுவதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள்.