ஹெம்ப் துணி பருத்திக்கு மாற்றாகுமா? மொத்தமாக எடுக்கும் முன் கேட்கிறேன்

ஊசிநூல்:

வணக்கம். மதுரையில் நாலு மெஷின் போட்டுச் சின்னதாக ஒரு தையலகம் நடத்துகிறேன். கைத்தறிப் பருத்தியில் சட்டை, குர்தா தைத்து இணையத்தில் விற்கிறோம். இரண்டு மூன்று மாதமாக ஹெம்ப் துணியில், அதாவது கஞ்சாச் செடி இனத்தின் தண்டு நாரில் நெய்த துணியில், சட்டை கிடைக்குமா என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். பருத்திக்குத் தண்ணீர் அதிகம், பூச்சிமருந்து அதிகம், ஹெம்புக்கு இரண்டுமே குறைவு, அதனால் இனி அதுதான் நல்லது என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கிறது.

ஒரு வியாபாரியிடம் சாம்பிளுக்கு இரண்டு மீட்டர் வாங்கினேன். 55 சதவீதம் ஹெம்ப், 45 சதவீதம் பருத்தி என்று சீட்டில் இருந்தது. நாங்கள் வழக்கமாக எடுக்கும் துணியின் விலையைப் போல மூன்று மடங்கு. பிரிக்கும்போது காய்ந்த வைக்கோல் வாசம், தொட்டால் கஞ்சி போட்ட புது வேட்டி மாதிரி விறைப்பு. இஸ்திரி போட்டால் மடிப்பு கத்தி மாதிரி நிற்கிறது, ஆனால் அரை மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் இடுப்பெல்லாம் சுருக்கம்.

என் கட்டிங் மாஸ்டர் "இது கஞ்சாச் செடி ஆச்சே அக்கா, போலீஸ் வராதா" என்று கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை. அப்புறம், இது நிஜமாகவே ஹெம்ப் தானா என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறதா? இருபது சட்டைக்குத் துணி எடுக்க நினைக்கிறேன். பூமிக்கு நல்லது என்று எழுதி விற்பதற்கு முன்னால் அது உண்மையா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

நாற்பதாம் நம்பர்:

சகோதரி, கோவைப் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். ஹெம்ப் கலந்த நூல் மூன்று முறை ஓட்டியிருக்கிறோம், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

செடியைப் பற்றி எழுதியிருப்பதெல்லாம் பெரும்பாலும் சரிதான். நாருக்காக நெருக்கி விதைத்தால் நூறு, நூற்றிருபது நாளில் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கும், கீழே வெயிலே படாததால் களை எழும்பாது, களைக்கொல்லிக்கு வேலை குறைவு. சிக்கல் அறுவடைக்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. பருத்தி காயிலேயே பஞ்சாக வெடித்து நிற்கும், ஜின்னிங்கில் கொட்டையைப் பிரித்தால் பேலாக, அதாவது அழுத்திக் கட்டிய மூட்டையாக, போட்டுவிடலாம். ஹெம்பில் நார் தண்டின் பட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, உள்ளே முழுக்கக் கட்டை. கயிறு திரிக்கத் தேங்காய் மட்டையை ஊறப்போடுவார்களே, அதே மாதிரி இதையும் அழுகவிட்டுத்தான் நாரைப் பிரிக்க வேண்டும். வயலிலேயே பனியில் கிடத்திவைத்து வாரக்கணக்கில் புரட்டிவிடுவது ஒரு முறை. குளத்தில் ஊறப்போட்டால் நார் நன்றாக வரும், ஆனால் தண்ணீர் நாறும், மீன் செத்து மிதக்கும்.

அப்படிப் பிரித்த நாரும் நம் ஊர் பருத்தி மெஷினில் அப்படியே ஓடாது. நீள நாராகவே வைத்து லினன் மாதிரி ஈரமாக நூற்க வேண்டும், அதற்கான மெஷின் நம்மிடம் அபூர்வம். இல்லாவிட்டால் காரத்திலோ என்சைமிலோ வேகவைத்து, பிசினையும், நாரை விறைப்பாக்கும் லிக்னினையும் எடுத்து, பருத்தி நீளத்துக்கு நறுக்கிப் பருத்தியோடு கலந்து நூற்க வேண்டும். நாங்கள் ஓட்டியது இந்த ரகம். பத்தாம் நம்பர், பதினாறாம் நம்பர் நூல் வந்தது (நம்பர் கூடக் கூட நூல் மெலிது), அதற்கு மேல் மெலிதாகப் போனால் அறுந்து அறுந்து விழுந்தது. நாரைச் சீவும் கார்டிங்கில் கழிவு கொட்டிய கொட்டில் சூப்பர்வைசர் முகம் கறுத்துப்போனது. உங்கள் மூன்று மடங்கு விலையில் பாதிக்குமேல் இந்தக் கதைதான். செடி மலிவுதான், நூலாக்குவதுதான் செலவு.

இன்னொன்று, சீட்டில் "ஹெம்ப் விஸ்கோஸ்" என்று இருந்தால் எடுக்காதீர்கள். தண்டைக் கூழாக்கி ரசாயனத்தில் கரைத்து இழுத்த செயற்கை இழை அது. மூங்கில் துணி என்று விற்பதிலும் பெரும்பாலும் இதே சங்கதிதான்.

கரிசல்காட்டான்:

கோவில்பட்டிப் பக்கம் மானாவாரி விவசாயக் குடும்பம். பருத்தியை எல்லாரும் சேர்ந்து குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதைப் பார்த்தால் மனசு பொறுக்கவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

ஒரு கிலோ பருத்திக்கு 10,000 லிட்டர், ஒரு டீ-ஷர்ட்டுக்கு 2,700 லிட்டர் என்று போடுகிறார்களே, அது உலக சராசரி. அதில் மானத்திலிருந்து பெய்த மழையும் சேர்ந்திருக்கிறது, கால்வாயில் இழுத்த தண்ணீரும் சேர்ந்திருக்கிறது. மத்திய ஆசியாவில் ஆமு தரியா, சிர் தரியா ஆறுகளைப் பருத்திக்குத் திருப்பிவிட்டு ஏரல் கடலை வற்றவைத்த கணக்கும், என் அப்பா புரட்டாசியில் விதைத்து, ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி இருந்து, மாசி பங்குனியில் பருத்தி எடுத்த கணக்கும் ஒன்றாகுமா? இந்தியப் பருத்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மானாவாரி. எங்கள் காட்டுக்கு யாரும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றியதில்லை.

எங்கள் பக்கத்துப் பழைய நாட்டுப் பருத்தி கருங்கண்ணி. ஆணிவேர் கரிசலுக்குள் ஆழமாக இறங்கும், மழை நின்ற பிறகும் மண்ணில் இருக்கும் ஈரத்தை வைத்தே காய் பிடிக்கும். சாறு உறிஞ்சும் பூச்சியையும் ஓரளவுக்குத் தானே தாங்கிக்கொள்ளும். அதை ஏன் விட்டோம்? இழை குட்டை, 25 மில்லிமீட்டருக்கும் கீழே, மில்லுக்கு 28, 30 வேண்டும். அதனால் விலை கிடைக்கவில்லை. பிறகு 2002-இல், காய்ப்புழுவைத் தானே எதிர்க்கும்படி மரபணு மாற்றிய பி.டி. பருத்தி வந்தது, முதலில் சில வருஷம் காய்ப்புழுவுக்கு மருந்தடிப்பது குறைந்ததும் உண்மை, அப்புறம் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதற்குப் பழகிக்கொண்டதும் உண்மை. விதையை வருஷா வருஷம் கடையில்தான் வாங்க வேண்டும். இதையெல்லாம் பருத்தி என்ற ஒரே சொல்லில் போட்டு மூட்டை கட்டக்கூடாது.

பெயர்க் குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். ஹெம்பைச் சணல் என்று எழுதுகிறார்கள், நம் ஊரில் சணல் என்றால் சாக்கு தைக்கிற ஜூட். சணப்பு என்பது இன்னொன்று, மஞ்சள் பூ பூக்கும், பூ எடுத்ததும் மடக்கி உழுதால் நிலத்துக்குத் தழைச்சத்து. அதிலும் நார் எடுத்துக் கயிறு திரிப்பார்கள். ஆங்கிலத்தில் அதற்கும் ஹெம்ப் என்று பெயர் ஒட்டியிருக்கிறது, ஆனால் அதற்கும் கஞ்சாச் செடிக்கும் உறவே கிடையாது. வியாபாரி எதைச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள் அக்கா.

நொய்யல் கரை:

செடியையும் நூலையும் பேசினீர்கள், சாயத்தை யாரும் பேசவில்லை. நான் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே பிறந்தவள். பாசனத்துக்கென்று கட்டிய அணை அது, திருப்பூர் சாயக்கழிவு வந்து தேங்கி, அந்தத் தண்ணீர் பாய்ந்த தென்னையெல்லாம் எங்கள் கண் முன்னால் மட்டை தொங்கி நின்றது. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. சொம்பில் பிடித்துவைத்தால் மறுநாள் விளிம்பில் வெள்ளையாக உப்பு வரி கட்டியிருக்கும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாமல் சுத்திகரிக்கும் முறை கட்டாயமாக நடைமுறைக்கு வந்தது.

எதற்குச் சொல்கிறேன் என்றால், ஹெம்பும் பருத்தி மாதிரி செல்லுலோஸ், அதாவது செடியின் நார்ப்பொருள்தான். இழையோடு ரசாயனமாகவே ஒட்டிக்கொள்ளும் அதே ரியாக்டிவ் சாயம்தான் பிடிக்கும், சாயம் ஏற அதே மாதிரி உப்புக் கொட்ட வேண்டும். ஹெம்பின் இயற்கை நிறம் பழுப்பு கலந்த சாம்பல் என்பதால் வெளிர் நிறம் வேண்டுமென்றால் முதலில் பிளீச்சிங் வேறு. கருநீல ஹெம்ப் சட்டையைவிடச் சாயமே போடாத பருத்திச் சட்டை என் கிணற்றுக்கு நல்லது. உங்கள் வாடிக்கையாளர்களுக்கு இதைத் தயவுசெய்து எழுதுங்கள்.

மலையோரம்:

உத்தராகண்டில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன், சட்டக் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். குமாவுன் மலையில் பாங் செடி, அதாவது கஞ்சாச் செடி, வீட்டுக்குப் பின்னாலேயே தானாக நிற்கும். அதன் விதையை வறுத்து அரைத்த சட்னியை வீட்டுக்கார அம்மா ரொட்டிக்குக் கொடுப்பார், எள்ளுத் துவையல் மாதிரி ஒரு ருசி. வீட்டுக்காரத் தாத்தா தண்டை ஓடையில் கல் வைத்து அமுக்கி ஊறப்போட்டு, பட்டையை உரித்து, திண்ணையில் உட்கார்ந்து தொடையில் உருட்டிக் கயிறு திரிப்பார். பேசிக்கொண்டே இருப்பார், கை நிற்காது. முன்பு அந்த நாரில் முரட்டுத் துணியும் நெய்தார்களாம்.

1985-ஆம் வருஷ போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சா என்று சொல்வது பூக்கும் காய்க்கும் நுனியை. நாருக்காகவும் விதைக்காகவும் பயிரிட மாநில அரசு அனுமதி கொடுக்கலாம் என்று 14-ஆம் பிரிவிலேயே இடம் இருக்கிறது. 2018-இல் உத்தராகண்ட் முதலில் அந்த அனுமதியைக் கொடுத்தது, போதை தரும் டி.எச்.சி. 0.3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற நிபந்தனையோடு. துணி வாங்கவும் தைக்கவும் விற்கவும் எந்தத் தடையும் இல்லை, உங்கள் மாஸ்டர் நிம்மதியாகத் தூங்கலாம். செடி வளர்ப்பதுதான் அனுமதியில்லாமல் கூடாது.

அங்கே வாங்கிய ஒரு சட்டையை ஐந்து வருஷமாகப் போடுகிறேன். முதல் பத்துத் துவைப்புக்குக் கழுத்து உறுத்தியது, இப்போது பழைய துண்டு மாதிரி மெத்தென்று ஆகிவிட்டது, முழங்கை இன்னும் தேயவில்லை. சென்னை வேர்வைக்கு உடம்போடு ஒட்டாமல் காற்று போகிறது. சுருக்கம் மட்டும் போகவே போகாது. கருங்கண்ணிக்காரர் சொன்னது நியாயம், ஆனால் ஒரு சட்டை எத்தனை வருஷம் உழைக்கிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

நாற்பதாம் நம்பர்:

நிஜமா என்று பார்க்கும் வழியை நான் சொல்லாமல் விட்டுவிட்டேன். எரித்துப் பார்ப்பது உதவாது, பருத்தி, லினன், ஹெம்ப் மூன்றும் காகிதம் எரிகிற வாசம்தான் தரும். பாலியஸ்டர் கலந்திருந்தால் மட்டும் உருகிக் கெட்டியாகும், அதைப் பிடித்துவிடலாம். லினனா ஹெம்பா என்று பார்க்க, நூலிலிருந்து ஒரே ஒரு நாரை உருவித் தண்ணீரில் நனைத்து, நுனி உங்களைப் பார்க்கும்படி இடுக்கியில் பிடித்துச் சூட்டில் காட்டுங்கள். காயும்போது தானாகச் சுற்றும், லினன் வலஞ்சுழி, ஹெம்ப் இடஞ்சுழி. ஜூட்டும் இடஞ்சுழிதான், ஆனால் அதன் முரட்டுத்தனம் கையிலேயே தெரிந்துவிடும். பருத்தி ஒரு பக்கமாகச் சுற்றாது.

ஊசிநூல்:

எல்லாருக்கும் நன்றி. தோசைக்கல்லைச் சூடாக்கி இப்போதுதான் பார்த்தேன், மாஸ்டரும் கூட நின்றார். நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் உருவியது எந்தப் பக்கமும் திரும்பாமல் நெளிந்தது, குறுக்கே ஓடும் ஊடு நூலில் உருவிய நார் இடப்பக்கமாக மெதுவாகச் சுற்றியது, நாலு தடவை பார்த்தோம், நாலிலும் அப்படித்தான். ஆக பாவு பருத்தி, ஊடு ஹெம்ப். நூல் எங்கிருந்து வருகிறது என்று வியாபாரியைக் கேட்டேன், சீனாவிலிருந்து என்றார்.

இருபது சட்டையும் சாயம் போடாமல் அதன் சொந்த நிறத்திலேயே தைக்கப்போகிறேன். ஊடு ஹெம்ப், பாவு பருத்தி, நூல் சீனா என்று சீட்டில் அப்படியே எழுதிவிடுகிறேன், தண்ணீர்க் கணக்கு எதையும் போடவில்லை. கரிசல்காட்டான் தம்பி, கருங்கண்ணியில் நெய்த துணி இப்போது யாராவது தருகிறார்களா? இருபதாம் நம்பர் நூலில் கிடைத்தாலும் போதும், குர்தாவுக்கு எடுத்துக்கொள்கிறேன்.

கரிசல்காட்டான்:

இருக்கிறது அக்கா. எங்கள் பக்கம் சிலர் திரும்பவும் போட ஆரம்பித்திருக்கிறார்கள், ஆனால் பஞ்சு கொஞ்சம்தான். மாசிக்குப் பிறகுதான் கைக்கு வரும், கையால் நூற்க ஆள் பிடித்தால்தான் துணியாகும். எத்தனை மீட்டர் வேண்டும் என்று இப்போதே சொல்லிவிடுங்கள், விதைக்கும்போதே அவர்களிடம் சொல்லிவைக்கிறேன்.