தண்டுவட மின்தூண்டல்: வலிக்கு இதுவரை கிடைத்த சான்று போதுமா?

மறுபார்வை:
முதுகு அறுவைக்குப் பிறகும் காலுக்கு இறங்கும் வலி தீராத என் அண்ணனுக்கு, முதுகுக்குள் வைக்கும் மின்முனை வழியாகத் தண்டுவடத்துக்குச் சிறு மின்துடிப்புகளை அனுப்பும் தண்டுவட மின்தூண்டல் கருவி பொருத்தலாம் என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து இது தொடர்பான ஆய்வுகளைப் படித்து வருகிறேன். தொடுவுணர்வைச் சுமக்கும் தடித்த நரம்பிழைகளைத் தூண்டினால், மெல்லிய இழைகள் கொண்டுவரும் வலிச் செய்தி தண்டுவடத்தின் வாயிலிலேயே மறிக்கப்படும் என்று 1965இல் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற வலி ஆய்வாளர்கள் சொன்னார்கள். அதை நம்பி 1967இல் அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர் நார்மன் ஷீலி முதல் கருவியைப் பொருத்தினார். ஆனால் 2022இல் நார்வேயில் ஹாரா குழுவினர் வெளியிட்ட சோதனை என்னை உலுக்கிவிட்டது. கருவி பொருத்தப்பட்ட 50 பேருக்கு மும்மாதத் தவணைகளில் கருவியை மாறி மாறி இயக்கியும் நிறுத்தியும் வைத்தார்கள். எந்தத் தவணையில் எது என்பது நோயாளிக்குத் தெரியாது. இயலாமையை அளக்கும் 100 புள்ளி அளவுகோலில் தூண்டல் இருந்தபோது 10.6 புள்ளியும், இல்லாதபோது 9.3 புள்ளியும் முன்னேற்றம் தெரிந்தது. இந்த 1.3 புள்ளிக்காகவா முதுகைக் கீற வேண்டும்?

வலிமருத்துவர்:
உங்கள் கவலை நியாயமானது. ஆனால் அந்த ஆய்வு சோதித்தது தண்டுவடத் தூண்டல் முழுவதையும் அல்ல, விட்டுவிட்டுத் துடிப்புக் கொத்துகளாகச் செலுத்தும் ஒரு முறையை மட்டுமே. அதற்கு அவர்கள் தேர்ந்துகொண்ட மின்துடிப்பு அமைப்புகளும் வழக்கமானவை அல்ல என்று பலர் சுட்டிக்காட்டியுள்ளனர். 2007இல் குமார் குழுவினரின் ஆய்வில், உங்கள் அண்ணனைப் போன்றே அறுவைக்குப் பின் கால்வலி நீடித்த 100 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஆறாம் மாதத்தில் வலி பாதியாகக் குறைந்தவர்கள், கருவி பெற்ற பிரிவில் 48 விழுக்காடு, வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 9 விழுக்காடு. இந்த இடைவெளியை எப்படிப் புறந்தள்ளுவீர்கள்?

மறுபார்வை:
அந்த ஒப்பீடே சரியில்லை என்கிறேன், ஐயா. ஒரு பிரிவுக்குப் புதிய கருவி, அறுவை, தொடர்ந்த கவனிப்பு, அதோடு கூடிய நம்பிக்கை. மறு பிரிவுக்கோ ஏற்கெனவே பலன் தராத மருந்துகளின் தொடர்ச்சி. யாருக்கு எது கிடைத்தது என்பதும் எல்லோருக்கும் தெரியும். பழைய முறைத் தூண்டலில் எறும்பு ஊர்வதுபோன்ற மதமதப்பு தெரியும் என்பதால், கருவி இயங்குகிறதா என்பதை நோயாளியிடமிருந்து மறைக்க வழியே இருக்கவில்லை. மதமதப்பு இல்லாத முறைகள் வந்த பிறகுதான் கருவியை இயக்காமலே இயங்குவதாக நம்பவைத்து ஒப்பிடும் நேர்மையான போலிச் சிகிச்சை ஒப்பீடு சாத்தியமானது. அப்படி ஒப்பிட்ட இடத்தில் பலன் சுருங்கிப் போனது. 13 சோதனைகளில் பங்கேற்ற 699 பேரின் தரவை 2023இல் ஆராய்ந்த, மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வும், முதுகுவலிக்கு இதை ஆய்வுக்கு வெளியே பயன்படுத்தத் தரவுகள் ஆதரவளிக்கவில்லை என்றே முடிக்கிறது.

ஆறாண்டுப் பயனர்:
குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். என் உடலில் இந்தக் கருவி ஆறு ஆண்டுகளாக இருக்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்திருக்கையில் இடது காலில் மெல்லிய அதிர்வாக இருப்பது, மல்லாந்து படுத்தவுடன் குபுக்கென்று ஏறிவிடும். படுக்கும்போது தண்டுவடம் மின்முனைக்கு அருகில் வந்துவிடுவதுதான் காரணமாம். அதனால் தலையணையில் சாயும் முன் கை தானாகவே ரிமோட்டைத் தேடும். வலி போய்விடவில்லை, ஆனால் அடுப்படியில் அரை மணி நேரம் நிற்க முடிகிறது. அதே சமயம் இரண்டாம் ஆண்டில் மின்முனை இடம் நகர்ந்து மறு அறுவைக்குப் படுத்தேன். அப்படி நேரலாம் என்று முதல் அறுவைக்கு முன் அந்த மருத்துவமனையில் ஒருவர்கூட எனக்குச் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இயன்முறையாளர்:
வலியை மட்டும் வைத்து இந்தத் தொழில்நுட்பத்தை எடைபோடாதீர்கள். அமெரிக்காவின் லூயிவில் நகரில் ஆஞ்செலி குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், தண்டுவடக் காயத்தால் கால்கள் முற்றிலும் செயலிழந்த நால்வரில் இருவர் தூண்டலின் துணையோடு தரையில் நடந்தார்கள். இங்கே மின்சாரம் காலை இழுத்து நகர்த்துவதில்லை. உணர்வு நரம்பு வேர்கள் வழியாகத் தண்டுவடத்தின் விழிப்பைக் கூட்டுகிறது. காயத்தைத் தாண்டி எஞ்சியிருக்கும் மங்கலான கட்டளை அப்போது தசையை எட்டுகிறது.

மறுபார்வை:
அதையும் படித்தேன், மனம் நெகிழ்ந்தது. ஆனால் அவர்களில் ஒருவர் நடக்க 85 வாரங்களில் 278 பயிற்சி அமர்வுகள் தேவைப்பட்டன. ஒருவருக்குப் பயிற்சியின்போதே இடுப்பெலும்பு முறிந்தது. நான்கு பேர் மட்டும், ஒப்பீட்டுப் பிரிவும் இல்லை. வலி ஆய்வில் நான் கேட்கும் கண்டிப்பை இங்கே மட்டும் தளர்த்த மாட்டேன்.

இயன்முறையாளர்:
தளர்த்த வேண்டாம், ஆனால் கேள்வியே வேறு. வலி எவ்வளவு என்பதை நோயாளியின் சொல்லைத் தவிர வேறெதைக் கொண்டும் அறிய முடியாது. அசைவு அப்படியல்ல: கருவியை நிறுத்தினால் முழங்கால் அசைவற்றுப் போவதை அறையில் உள்ள எல்லோரும் பார்க்கிறார்கள். தோலின் மேலிருந்தே தூண்டும் முறையை 2024இல் கழுத்துப் பகுதித் தண்டுவடக் காயமுற்ற 60 பேரிடம் சோதித்து, பெரும்பாலோருக்குக் கையின் வலிமையும் செயல்பாடும் கூடியதாக வெளியிட்டார்கள். அதிலும் ஒப்பீட்டுப் பிரிவு இல்லை. இரண்டு மாதம் வெறும் பயிற்சி, அதன் பின் இரண்டு மாதம் தூண்டலோடு பயிற்சி என்ற வரிசை மட்டுமே. அந்தக் குறையை ஒப்புக்கொள்கிறேன்.

வலிமருத்துவர்:
மறுபார்வை அவர்களே, ஒப்பீட்டைப் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்க என்னிடம் வலுவான பதில் இல்லை. உங்கள் அண்ணனுக்கு நிரந்தரக் கருவிக்கு முன் சில நாள்கள் தற்காலிக மின்முனை வைத்துப் பார்ப்பார்கள். அந்த நாள்களில் வலி எத்தனை மதிப்பெண் என்று மட்டும் எழுதாமல், எத்தனை நிமிடம் நின்றார், எவ்வளவு தூரம் நடந்தார், எத்தனை மாத்திரை குறைந்தது என்று எழுதி வையுங்கள். மின்முனை நகர்ந்தால் என்ன செய்வார்கள், பேட்டரியை எப்போது மாற்ற வேண்டிவரும், பலன் இல்லையென்றால் கருவியை எடுத்துவிடுவார்களா என்ற மூன்றையும் கையெழுத்திடும் முன் கேளுங்கள்.

ஆறாண்டுப் பயனர்:
மூன்றாவதை முதலில் கேளுங்கள்.