வளையலுக்குள் போட்டோ: பழைய சாமானில் செய்த தொங்கல்கள்

கும்பகோணத்திலிருந்து:

அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம், திருக்கடையூரில். தாம்பூலப் பையில் என்ன போடலாம் என்று வீட்டில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். எவர்சில்வர் கிண்ணம், குங்குமச் சிமிழ், பிளாஸ்டிக் கூடை, எல்லாமே எல்லார் வீட்டுப் பரணிலும் ஏற்கெனவே கிடப்பவைதான். அம்மாவின் வளையல் பெட்டியும் இத்தனை வருஷத்துப் படங்களும் கையில் இருக்கும்போது கடைக்கு எதற்குப் போக வேண்டும் என்று நாங்களே உட்கார்ந்து செய்தோம். ஒரு வளையல், அதற்குள் அப்பா அம்மா படம், நிலைக்கதவிலோ பூஜை அறையிலோ மாட்டிக்கொள்ளலாம்.

வளையல் அளவு தெரிந்தவர்களுக்கு வேலை சுலபம். ரெண்டே நாலு என்றால் உள் விட்டம் இரண்டு அங்குலமும் பதினாறில் நாலு பங்கும், அதாவது 2.25 அங்குலம், மில்லிமீட்டரில் 57. ஸ்டுடியோவில் கொடுக்கிற பாஸ்போர்ட் படம் 35க்கு 45 மில்லிமீட்டர், அதை மூலைக்கு மூலை அளந்து பாருங்கள், அதுவும் 57 தான். அதனால் அந்த வளையலுக்குள் வைத்தால் நாலு மூலையும் வளையலைத் தொட்டுக்கொண்டு நிற்கும், கத்தரியே வேண்டாம். சுற்றி மிஞ்சுகிற நாலு பிறையிலும் அடியில் ஒட்டிய பட்டுத்துணி தெரியும். வட்டமாகவே படம் வேண்டுமென்றால் வளையலின் வெளி ஓரத்துக்கு வெட்டிப் பின்னால் ஒட்டுங்கள், 4க்கு 6 அங்குலப் பிரிண்ட் ஒன்றில் இரண்டு வட்டம் வரும்.

கண்ணாடி வளையலிலும் பிளாஸ்டிக் வளையலிலும் பெவிகால் பிடிக்காது, காய்ந்ததும் தோலாக உரிந்து வந்துவிடும். முதலில் வளையலை நூலால் நெருக்கமாகச் சுற்றிவிட்டால் நூலில் பசை ஊறி நன்றாகப் பிடித்துக்கொள்ளும். அடி அட்டைக்குக் கல்யாணப் பத்திரிகையை விட நல்லது கிடையாது, கெட்டியாக இருக்கும், வளையாது. பிள்ளையார் படம் போட்ட பக்கத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்துவிடுவேன், அதில் கத்தரி வைக்க மனசு வராது. அம்மாவின் கல்யாணப் புடவை திருபுவனம் பட்டு, மடிப்பு மடிப்பாக இற்றுப் போய்விட்டது, ஆனால் சரிகைக் கரை அப்படியே இருந்தது. சரிகையை வெட்டினால் பிரிந்துகொண்டே போகும், அதனால் வெட்டப்போகும் கோட்டில் பின்பக்கமாக மெல்லிசாகப் பசை இழுத்து, காயவிட்டு, அப்புறம் வெட்ட வேண்டும். பசை கூடினால் முன்பக்கம் கறையாக வந்து நிற்கும்.

இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. படத்தில் இருப்பவர் புழங்கிய சாமான்தான் அந்தப் படத்துக்குச் சட்டமாக வர வேண்டும். கடையில் குந்தன் கல்லும் முத்தும் வாங்கி ஒட்டினால் பளபளவென்று இருக்கும்தான், ஆனால் அது யார் வீட்டுப் படத்துக்கும் பொருந்தும், அதுதான் அதில் இருக்கிற குறை. அப்பா தையல் கடை வைத்திருந்தவர். அவர் மட்டும் இருக்கிற படத்துக்கு அவருடைய பழைய டேப்பையே எடுத்தேன். தையல்காரர் டேப் 60 அங்குலத்தில் முடியும். கடைசி எட்டு அங்குலம், 52லிருந்து 60 வரைக்கும், ரெண்டே நாலு வளையலை வெளியே ஒரு சுற்று சுற்றுவதற்குச் சரியாக இருந்தது. 60 உச்சியில் வருகிற மாதிரி ஒட்டி, அதன் மேலேயே கொக்கி வைத்தேன். விரல் பட்டுப் பட்டு மஞ்சள் ஏறிய டேப், எண்கள் பாதி தேய்ந்திருந்தன, 60 மட்டும் தெளிவாக இருந்தது. அப்பா அதைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "சரி, இனிமே அடுத்த டேப்பை எடுக்க வேண்டியதுதான்" என்றார். அம்மா அழுதுவிட்டார்.

ஒரிஜினல் படத்தை மட்டும் யாரும் வெட்டாதீர்கள். ஸ்கேன் பண்ணிப் பிரிண்ட் போடுங்கள். பழைய படம் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் பிய்க்கவே பிய்க்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும், கண்ணாடிக்கு மேலேயே ஸ்கேன் பண்ணலாம். இங்க்ஜெட் பிரிண்ட் மேல் பசை பட்டால் நிறம் கரைந்து ஓடும், லேப் பிரிண்டோ லேசர் பிரிண்டோ போடுங்கள். உங்கள் வீட்டில் என்ன செய்தீர்கள், எழுதுங்கள்.

வேதாரண்யத்திலிருந்து:

அக்கா, அந்த டேப் விஷயம் படித்ததும் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தபோது எங்கள் வீட்டு ஓடு போனது, பீரோவுக்குள் இருந்த ஆல்பமும் ஊறிவிட்டது. அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாக இருந்தன. ஈரம் காய்வதற்குள் சுத்தமான தண்ணீரில் போட்டு மெதுவாகப் பிரித்து, முகம் மேலே பார்க்க ஒவ்வொன்றாகத் தனித்தனியே பரப்பிக் காயவைத்தோம். அப்படியே காய்ந்திருந்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காது. தேறிய படங்களை உடனே போனில் எடுத்து வைத்தோம்.

கொல்லையில் விழுந்த தென்னைகள் அப்பாயி குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்தவை. கடைசியாகப் பொறுக்கிய காய்களின் கொட்டாங்கச்சியை எறிய மனசில்லை. ஆக்சா பிளேடால் வளையமாக அறுத்து, நார் போகச் சுரண்டி, முதலில் முரட்டு உப்புத்தாள், அப்புறம் நைஸ் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தேங்காய் எண்ணெய் தடவினால் கறுப்பு மினுமினுப்பு வந்துவிடும், வார்னிஷ் வேண்டாம். அதற்குள் அப்பாயி படம் வைத்து அத்தைமார், சித்தப்பா எல்லார் வீட்டுக்கும் ஒன்று கொடுத்தோம். மூத்த அத்தை படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கொட்டாங்கச்சியைத்தான் தடவிப் பார்த்தார்.

நாகப்பட்டினத்திலிருந்து:

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் மரத்துக்குச் செய்வோம், சோடா மூடிக்குள் ஆளுக்கொரு படம். டிசம்பர் ஈரக்காற்றில் காகிதம் அலை அலையாக நெளிந்துவிடுகிறது, அதனால் பிரிண்டை லேமினேஷன் போட்ட பிறகுதான் வெட்டுகிறேன். வெட்டும்போது ஓரத்தில் துளி பிளாஸ்டிக் மிஞ்சியிருக்க வேண்டும், காகிதத்தோடு சேர்த்து வெட்டினால் அந்த ஓரம் வழியாகவே ஈரம் ஏறும். தொங்கவிட அப்பாவின் பழைய மீன் வலையிலிருந்து எடுத்த நைலான் நரம்பு, கண்ணுக்கே தெரியாது, அறுந்தும் போகாது. இந்த வருஷம் அக்கா கல்யாணமாகிப் போனதால் அவள் படத்தோடு மாப்பிள்ளை படமும் ஏறியிருக்கிறது. நட்சத்திரம் ஒன்று செய்ய வேண்டும், எடை குறைவாக வேண்டும், எதில் செய்யலாம்?

கும்பகோணத்திலிருந்து:

தங்கச்சி, தெரிந்தவர்கள் வீட்டில் உடைந்த நெட்டிக் கோயில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். தஞ்சாவூரில் பெரிய கோயில் மாதிரி செய்து கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்பார்களே, அதுதான். கோபுரம் சாய்ந்துவிட்டால் எல்லாரும் பரணில் போட்டுவிடுகிறார்கள். நெட்டி தண்ணீரில் வளர்கிற செடியின் தண்டு, எடையே தெரியாது, பால் வெள்ளை. புது பிளேடு போட்டுச் சீவுங்கள், மழுங்கல் பிளேடு நசுக்கிவிடும். பெவிகால் துளி போதும், நரம்பைக் கோர்க்கும் இடத்தில் மட்டும் பின்னால் ஒரு பத்திரிகை அட்டைத் துண்டு ஒட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நரம்பு நெட்டியை அறுத்துக்கொண்டு வந்துவிடும்.