பங்குனிச் சேற்றில் கால்தடம் அச்செடுப்பது எப்படி?

ஏரிக்கரை (வில்லியனூர்): ஊசுட்டேரி ஓரம் பிள்ளைகளோடு தடம் பார்க்கப் போறோம். பிக்ஃபுட் (அமெரிக்கக் காட்டுல திரியுதுன்னு சொல்ற பெரிய குரங்கு மனுஷன்) தடம் மாதிரி அச்சு எடுக்கணுமாம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மாவு அளவு என்ன? ஓரம் ஏன் உதிருது?

கெடிலம்: ரெண்டு பங்கு பிளாஸ்டர், ஒரு பங்கு நல்ல தண்ணி. தண்ணியில மாவைத் தூவுங்க. மாறிச் செஞ்சா கட்டி தட்டும். தோசைமாவுப் பதம். தடத்தைச் சுத்தி 4 செ.மீ. அட்டை வளையம். தடத்து மேல நேரா ஊத்தாம பக்கத்துல இருந்து வழிய விடுங்க. ஈரச் சேத்துல ஒரு மணி நேரமாவது விடணும். அவசரமா எடுத்தாதான் ஓரம் உதிரும். ரெண்டு நாள் கழிச்சுக் கழுவுங்க. உப்பங்கழித் தண்ணி வேண்டாம், உப்பு சீக்கிரம் இறுக்கிடும்.

நாணல்: ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம், வனத்துறையிடம் கேட்டுட்டுப் போங்க. நரித் தடத்துல முன்கால் நடுவிரல் ரெண்டும் அடியில ஒட்டியிருக்கும், நாய்க்கு அப்படி இல்ல. பூனைக்கு நகம் பதியாது.

கெடிலம்: பெரிய தடம் கிடைச்சா முதல்ல அளவுகோல் வச்சு போட்டோ. பின்கால் முன்கால் தடத்து மேலேயே விழுந்தா நீளமாத் தெரியும். கலிஃபோர்னியாவுல 1958-ல பிக்ஃபுட் பேர் பரவக் காரணமான தடங்கள் ஒருத்தர் மரக்கட்டைப் பாதத்தால பதிச்சதுன்னு 2002-ல அவர் குடும்பமே சொன்னது. அதனால ஒத்தைத் தடத்தை நம்பாதீங்க, நடைவரிசையை அளங்க.