ரசீது இல்லாத வரிக் கழிவை வருமான வரி ரிட்டர்னில் போட்டுக் கொடுப்பதா? ரிட்டர்ன் போடுகிறவர்கள் சொல்லுங்கள்

பாளை ரிட்டர்ன் | 11 அக்டோபர் 2025

பாளையங்கோட்டையில் 12 வருடமாக ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறேன். நான் ஆடிட்டர் இல்லை. பி.காம். முடித்து ஓர் ஆடிட்டர் ஆபீசில் ஆறு வருடம் இருந்துவிட்டுத் தனியாக வந்தவன். வருகிறவர்களில் பாதிப்பேர் ஆசிரியர்கள், மீதி கடைக்காரர்களும் பென்ஷன்காரர்களும்.

இந்த வருடம் கெடு செப்டம்பர் 16 வரை போனது எல்லோருக்கும் தெரியும். கடைசி வாரத்தில் எட்டு வருடமாக என்னிடம் வரும் ஒரு டீச்சர், சம்பளமும் பிடித்த வரியும் காட்டும் ஃபார்ம் 16-ஐக் கொண்டுவந்து, “80டி-யில் 25,000, வாடகை மாதம் 8,300, இன்னும் எதையாவது போட்டு வரியே இல்லாமல் பண்ணிக் கொடுங்கள் சார்” என்றார். 80டி என்பது மருத்துவக் காப்பீட்டுக்கான கழிவு, வாடகைக்கும் கழிவு உண்டு; இரண்டும் வருமானத்தில் கழிந்து வரியைக் குறைக்கும். ஆனால் அவருக்கு மருத்துவ பாலிசி இல்லை, சொந்த வீட்டில் இருக்கிறார். முடியாது என்றேன். “எங்கள் ஸ்கூலில் எல்லோருக்கும் வேறொருவர் போட்டுத் தந்துவிட்டார், உங்களுக்கு மட்டும் என்ன?” என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அந்த ஒரு பள்ளியிலிருந்து இந்த வருடம் 14 பேர் வரவில்லை.

போனவர்களைப் பற்றிப் புலம்ப வரவில்லை. கேள்வி இதுதான். கிளையன்ட் வாயால் சொல்வதை அப்படியே போடுவது நம் வேலையா, ரசீதைப் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டுமா? மற்றவர்கள் என்ன செய்கிறீர்கள்?

கணக்கு கதிர் | 11 அக்டோபர்

அண்ணே, நான் உங்களுக்கு நேர் எதிர் கட்சி. வெளிப்படையாகவே சொல்கிறேன்.

ரிட்டர்னோடு எந்தக் காகிதத்தையும் இணைக்க வேண்டாம் என்று சொன்னது வருமான வரித்துறைதான். கடைசிப் பக்கத்தில் “நான் சொன்னது உண்மை” என்று உறுதிமொழி கொடுப்பது கிளையன்ட். ஆதார் ஓடிபி வருவதும் அவர் போனுக்குத்தான். இதில் நான் யார், விசாரணை அதிகாரியா? ஒரு ரிட்டர்னுக்கு 500 ரூபாய் வாங்குகிறேன். அதற்குள் துறையிடம் இருக்கிற வருமான விவரமான ஏஐஎஸ் பார்க்கணும், பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் பார்க்கணும், கழிவுகள் உள்ள பழைய முறையா, பெரும்பாலான கழிவுகள் இல்லாத புதிய முறையா என்று இரண்டு தடவை கணக்குப் போடணும், போர்ட்டல் நடுவில் தொங்கினால் ராத்திரி 11 மணி வரை உட்காரணும். இதற்கு மேல் ஒவ்வொருவரிடமும் எல்.ஐ.சி. ரசீது, ஸ்கூல் ஃபீஸ் ரசீது, வீட்டு ஓனர் பான் கார்டு எல்லாம் வாங்கி வைக்கச் சொன்னால் ஒரு நாளைக்கு நான்கு ரிட்டர்ன் கூட முடியாது.

கிளையன்ட் சொல்கிறார், நான் போடுகிறேன். அவர் பொய் சொன்னால் அது அவருக்கும் துறைக்கும் உள்ள விவகாரம்.

ஈரோடு சி.ஏ. | 12 அக்டோபர்

கதிர், உங்கள் 500 ரூபாய்ப் பிரச்சினை எனக்கும் புரிகிறது. ஆனால் நீங்கள் பேசுவது போன வருடத்துக் கதை. இந்த வருட ஃபாரத்தில் என்ன மாறியது என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். எல்.ஐ.சி., பி.எஃப். போன்ற சேமிப்புக்கான கழிவான 80சி-க்குப் பாலிசி எண்ணோ கணக்கு எண்ணோ கேட்கிறது. 80டி-க்குக் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரும் பாலிசி எண்ணும் கேட்கிறது. கல்விக் கடன் என்றால் கொடுத்த வங்கி, கடன் கணக்கு எண். கட்சி நன்கொடைக்குத் தேதி, பணம் போன பரிவர்த்தனை எண், ஐ.எஃப்.எஸ்.சி. கேட்பது போன வருடமே வந்துவிட்டது. அந்த டீச்சரிடம் பாலிசியே இல்லை. அப்போது அந்தக் கட்டத்தில் எண்ணைப் போட்டது யார்? அவர் சொன்னதை நீங்கள் எழுதவில்லை, இல்லாத ஒன்றை நீங்களே உண்டாக்கி எழுதுகிறீர்கள். “சொன்னதைப் போட்டேன்” என்ற வாதம் அந்தக் கட்டத்திலேயே முடிந்துபோகிறது.

சட்டமும் கிளையன்டோடு நிற்பதில்லை. வருமான வரிச் சட்டம் 1961-ன் 277-வது பிரிவு பொய் உறுதிமொழி கொடுத்தவருக்கு. அடுத்த பிரிவு, 278, பொய்க் கணக்குக் கொடுக்கத் தூண்டியவருக்கும் உடந்தையாக இருந்தவருக்கும். குறைந்தது மூன்று மாதம் சிறை, ஏய்த்த வரி 25 லட்சத்தைத் தாண்டினால் ஏழு வருடம் வரை போகும். ஜூலை 14 அன்று நாடு முழுக்க 150 இடங்களில் சோதனை நடந்தது எதற்காக? பொய்க் கழிவு போட்டுக் கொடுத்த இடைத்தரகர்களையும் ரிட்டர்ன் போடுகிறவர்களையும் தேடித்தான். துறை சொன்ன மாநிலங்களின் பட்டியலில் தமிழ்நாடும் இருந்தது.

கணக்கு கதிர் | 12 அக்டோபர்

மேடம், அந்தச் சோதனை மொத்தமாக ஆயிரக்கணக்கில் போலி ரீஃபண்ட் எடுத்து அதில் கமிஷன் அடித்தவர்கள் மேல் நடந்தது. என்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். நான் யாரிடமும் போய் “உனக்கு ரீஃபண்ட் எடுத்துத் தருகிறேன்” என்று சொன்னதில்லை. தூண்டினால்தானே குற்றம்? கேட்டவருக்குப் போட்டுக் கொடுப்பது தூண்டுதல் ஆகுமா?

இன்னொன்றும் சொல்லணும். நாம் மறுத்தால் கிளையன்ட் திருந்தப் போவதில்லை, பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டருக்குப் போவார். அங்கே இருக்கிற பையனுக்கு 80சி-க்கும் 80டி-க்கும் வித்தியாசம் தெரியாது. என்னிடம் இருந்தால் மற்றதையாவது சரியாகப் போடுவேன். இதையும் கொஞ்சம் பாருங்கள்.

கோவைச் சம்பளக்காரன் | 12 அக்டோபர்

நான் ரிட்டர்ன் போடுகிறவன் இல்லை, போடக் கொடுத்து மாட்டியவன். கதிர் சார் சொல்வதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

2022-23 கணக்கு. எனக்குச் சம்பளத்தில் எல்லாக் கழிவும் போக வரி போட வேண்டிய வருமானம் ஆறரை லட்சம். கம்பெனி 44,200 பிடித்திருந்தது. ஆபீசில் ஒருவர் சொல்லி ஒரு கன்சல்டன்டிடம் போனோம், ஏழெட்டுப் பேர் சேர்ந்து. பான், ஆதார், ஃபார்ம் 16 மட்டும்தான் வாங்கினார். ஓடிபி வந்தது, சொன்னேன். ஒரு மாதத்தில் 44,200-ம் அப்படியே திரும்பி வந்தது. அதில் பத்து சதவீதம் அவருக்கு. ஏதோ சட்டத்தில் இடம் இருக்கிறது போல என்று நினைத்தேன். கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை, அது என் தப்பு.

இந்த ஆண்டு கூட வேலை செய்யும் ஒருவருக்குத் துறையிலிருந்து எஸ்.எம்.எஸ். வந்தது. பதறிப்போய் நானும் ஆதார் வழியாகப் பாஸ்வேர்டை மாற்றிப் போர்ட்டலுக்குள் போய்ப் பார்த்தேன். என் பெயரில் இருந்த மெயில் முகவரி யாருடையது என்றே தெரியவில்லை. போன் நம்பரும் என்னுடையது இல்லை. ரிட்டர்னைத் திறந்தால், 80ஜிஜிசி-யில் ஒன்றரை லட்சம் கட்சி நன்கொடை. அந்தத் தொகை கழிந்ததும் வருமானம் சரியாக 5 லட்சத்தில் நின்று வரி பூஜ்யம் ஆகியிருக்கிறது. வாழ்க்கையில் எந்தக் கட்சிக்கும் நான் பத்து ரூபாய் கொடுத்ததில்லை.

வேறோர் ஆடிட்டரைப் பிடித்து ஆகஸ்டில் ஐடிஆர்-யூ, அதாவது கெடு எல்லாம் முடிந்த பிறகு திருத்திப் போடும் ரிட்டர்ன், போட்டேன். திரும்பக் கட்டியது 44,200, அதன் மேல் கூடுதல் வரி 50 சதவீதம். வட்டியைச் சேர்க்காமலே 66,300 ஆகிறது. கமிஷன் வாங்கியவர் போனை எடுப்பதில்லை.

“கிளையன்ட் சொல்கிறார், நான் போடுகிறேன்” என்கிறீர்களே, நான் என்ன சொன்னேன் சார்? என்ன போட்டார் என்பதே எனக்குத் தெரியாது.

பாளை ரிட்டர்ன் | 12 அக்டோபர்

தம்பி, நீங்கள் தனி ஆள் இல்லை. ஜூலையில் துறை சொன்ன கணக்குப்படி அதற்கு முந்தைய நான்கு மாதத்தில் சுமார் 40,000 பேர் திருத்திய ரிட்டர்ன் போட்டு 1,045 கோடி ரூபாய்ப் பொய்க் கழிவை வாபஸ் வாங்கியிருக்கிறார்கள். தற்காலிக மெயில் உண்டாக்கி மொத்தமாக ரிட்டர்ன் போட்டுவிட்டுப் பிறகு அதை அப்படியே விட்டுவிடுவதும், நோட்டீஸ் வந்தால் படிக்க ஆள் இல்லாமல் கிடப்பதும் துறை அறிக்கையிலேயே இருந்தது. உங்களுக்கு நடந்தது அதேதான்.

மெயில், போன் விஷயத்தில் நம் எல்லோருக்குமே பங்கு இருக்கிறது. வயதான கிளையன்டுக்கு மெயில் இல்லை என்று நம் மெயிலைப் போடும் பழக்கம் ரொம்பப் பேரிடம் உண்டு, ஆரம்பத்தில் நானும் செய்திருக்கிறேன். 2019-ல் ஒரு பென்ஷன்காரருக்கு வந்த நோட்டீஸ் என் மெயிலில் 50 நாள் கிடந்தது, நான் பார்க்கவே இல்லை. அவர் என் அப்பா வயசு. அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதைச் சொன்ன அன்றைக்குப் பட்ட சங்கடம் இன்னும் போகவில்லை. அதிலிருந்து அவரவர் போன், அவரவர் மகனோ மகளோ வைத்திருக்கும் மெயில், அவ்வளவுதான்.

கணக்கு கதிர் | 13 அக்டோபர்

கோவைத் தம்பி, உங்களுக்கு நடந்தது அநியாயம். கிளையன்டுக்குத் தெரியாமல் போடுவதை நான் எங்கேயும் ஆதரிக்கவில்லை. கமிஷன் கணக்கில் ஃபீஸ் வாங்குவதும் தப்புதான், ரீஃபண்டில் பங்கு என்று வந்துவிட்டால் ரீஃபண்டைப் பெரிதாக்கத்தான் கை போகும்.

ஆனால் மேடத்துக்கு ஒரு கேள்வி. கிளையன்டுக்கே நன்றாகத் தெரிந்து, அவரே எண் எல்லாம் கொடுத்து, நான் போட்டால்? பாலிசி எண் கொடுக்கிறார். உண்மையா பொய்யா எனக்கு எப்படித் தெரியும்? அதையும் நான் போய் நிறுவனத்தில் விசாரிக்க வேண்டுமா?

ஈரோடு சி.ஏ. | 13 அக்டோபர்

வேண்டாம். நியாயமான கேள்வி இது. காகிதத்தைப் பார்த்து, அது சரியாகத் தோன்றினால் போடலாம். கள்ள ரசீதைக் கண்டுபிடிப்பது நம் வேலை இல்லை. ரசீதே இல்லை என்று தெரிந்துகொண்டு போடுவதைத்தான் சொல்கிறேன்.

ஃபீஸ் விஷயத்தில், எங்களுக்குச் சதவீதக் கணக்கில் வாங்கத் தடையே இருக்கிறது, மீறினால் எங்கள் இன்ஸ்டிட்யூட் நடவடிக்கை எடுக்கும். உங்களைப் போன்றவர்களுக்கு அப்படிக் கேட்க ஆள் இல்லை, அதனால்தான் நீங்களாகவே ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அபராதத்தையும் கிளையன்டிடம் எடுத்துச் சொல்லுங்கள். தெரிந்தே தவறாகக் காட்டியதாக முடிவானால் 270ஏ-வின்படி வரியில் 200 சதவீதம். 44,200-க்கு 88,400, வரியும் வட்டியும் தனி. நான் இதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மேசையில் திருப்பி வைப்பேன். பத்தில் ஏழெட்டுப் பேர் அதோடு விட்டுவிடுவார்கள்.

புதுசா வந்தவள் | 13 அக்டோபர்

நான் ஒரு ஆபீசில் இரண்டாம் வருடம் பயிற்சியில் இருக்கிறேன். பாளை அண்ணன் சொன்ன 8,300 கணக்கு எங்கள் ஆபீசிலும் வருகிறது. வருடத்துக்கு 99,600, ஒரு லட்சத்தைத் தாண்டாததால் ஓனர் பான் கேட்காது என்று யாரோ எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதில் பொய் என்று தெரிவதை ஒதுக்கிவிடலாம். ஆனால் போன மாதம் ஒருவர் வந்தார், அம்மா வீட்டில்தான் இருக்கிறார், உண்மையாகவே மாதம் 12,000 அம்மா கையில் கொடுக்கிறார். இதைப் போடலாமா கூடாதா? எங்கள் சார் போடாதே என்றார், எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஈரோடு சி.ஏ. | 13 அக்டோபர்

அம்மாவுக்கு வாடகை கொடுக்கக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. மூன்று விஷயம் பாரும்மா. முதலில் வீடு யார் பெயரில்? நம் ஊரில் அப்பா இறந்து பத்து வருடம் ஆனாலும் வீட்டு வரி ரசீது அவர் பெயரிலேயே வரும். மகனும் ஒரு வாரிசு என்றால் தன் பங்குக்குத் தானே வாடகை கொடுத்ததாக ஆகிவிடும், சிக்கல். அடுத்தது, பணம் பேங்க் வழியாகப் போகிறதா? கையில் கொடுத்ததை நாளைக்கு யாரும் நிரூபிக்க முடியாது. அப்புறம் அந்த வாடகையை அம்மா தன் வருமானமாகக் காட்டுகிறாரா? பயப்படுகிற அளவுக்கு அதில் வரி இல்லை. வருடம் 1,44,000, அதில் 30 சதவீதம் பராமரிப்புக் கழிவு போனால் 1,00,800. வேறு வருமானம் இல்லாத அம்மாவுக்கு வரி பூஜ்யம். மகன் இந்த மாதத்திலிருந்தே பேங்கில் போடத் தொடங்கினால் இனி வரும் வாடகைக்காவது ஆதாரம் இருக்கும். போன வருடத்துக்கு உன் சார் சொன்னதுதான் சரி.

பாளை ரிட்டர்ன் | 14 அக்டோபர்

கதிர் தம்பி, நீங்கள் சொன்ன பிரவுசிங் சென்டர் விஷயத்துக்கு என் பதில். பாதி நேரம் பொய்யே தேவைப்படுவதில்லை. 2024-25 கணக்கில் சம்பளம் எட்டரை லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் சம்பளக்காரர் எல்லோருக்கும் ரசீதில்லாமல் கிடைக்கும் 50,000 நிலைக் கழிவு, 80சி ஒன்றரை லட்சம் முழுசாகப் போட்டாலும் வரி 44,200 வரும். அதே ஆளுக்குப் புதிய முறையில் ஒரு ரசீதும் இல்லாமல் 28,600 தான். 15,600 ரூபாய் நேர்மையாகவே மிச்சம். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்ட ஐந்து நிமிடம் ஆகுமா? 2025-26 கணக்குக்கு வந்தால் புதிய முறையில் சம்பளம் 12,75,000 வரை வரியே இல்லை. அந்த டீச்சர் அடுத்த வருடம் எந்தப் பொய்யும் சொல்லத் தேவையே இருக்காது. இந்த ஒரு வருடத்து 25,000-க்காக ஒரு பொய்ப் பாலிசி எண் அவர் பெயரில் பல வருடம் கம்ப்யூட்டரில் கிடக்கும். அதை அவரிடம் பொறுமையாகச் சொல்லாமல் வெடுக்கென்று மறுத்துவிட்டேன் என்பதுதான் இப்போது எனக்கு உறுத்துகிறது.

கணக்கு கதிர் | 14 அக்டோபர்

கணக்கை ஒத்துக்கொள்கிறேன் அண்ணே. ஆனால் ரசீதை வாங்கி ஃபைல் போட்டு வைப்பது 500 ரூபாய்க்குக் கட்டாது என்பதில் நான் மாறவில்லை. நான் செய்யப் போவது இது. வாட்ஸ்அப்பில் ரசீதின் போட்டோ வந்தால்தான் போடுவேன். ஓடிபி கேட்பதற்கு முன்னால் ரிட்டர்னின் பி.டி.எஃப். அவர் போனுக்குப் போகும், “பார்த்தேன், சரி” என்று பதில் வந்த பிறகுதான் ஓடிபி. ஃபீஸை 750 ஆக்குகிறேன். போகிறவர்கள் போகட்டும்.

இந்த வருடம் ஏற்கெனவே போட்டுவிட்டதில் ஒரு பத்துப் பன்னிரண்டு எனக்கே சந்தேகமாக இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. அதற்கு என்ன வழி?

ஈரோடு சி.ஏ. | 14 அக்டோபர்

இந்த வருட ரிட்டர்னுக்கு 2025 டிசம்பர் 31 வரை ரிவைஸ்டு ரிட்டர்ன் போடலாம். இப்போது திருத்தினால் வரியும் வட்டியும் மட்டும்தான், 25, 50 சதவீதம் என்ற கூடுதல் வரி இல்லை. ஜனவரி ஆகிவிட்டால் ஐடிஆர்-யூ-தான். ரீஃபண்ட் ஏற்கெனவே கணக்கில் ஏறியிருந்தால் அந்தப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம் என்று இன்றைக்கே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள். திருத்திய ரிட்டர்ன் போட்ட 30 நாளுக்குள் அதையும் இ-வெரிஃபை (ஓடிபி போன்றவற்றால் உறுதி) பண்ண வேண்டும், பதற்றத்தில் இதைத்தான் மறப்பார்கள்.

கோவைச் சம்பளக்காரன் | 14 அக்டோபர்

கதிர் சார், அந்தப் பன்னிரண்டு பேருக்கும் நீங்களே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை.

கணக்கு கதிர் | 15 அக்டோபர்

நேற்று ராத்திரி நான்கு பேரிடம் பேசிவிட்டேன். ஒருவர் திட்டினார், மூன்று பேர் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார்கள்.