தோல் சோதனையில் காசநோய் என்று வந்த கறவை மாடு: வீட்டாருக்கு ஆபத்து உண்டா?

கேள்வி (மாடு வளர்ப்பவர்):
எங்கள் கறவை மாடுகளுக்குக் காசநோயைக் கண்டறியத் தோலில் ஊசி போடும் டியூபர்குலின் சோதனை செய்ததில், ஊசி போட்ட இடம் ஒரு மாட்டுக்கு மட்டும் மூன்றாம் நாள் தடித்திருந்ததால், அதைத் தனியே கட்டச் சொல்லியிருக்கிறார்கள். மாடு நன்றாகத் தீவனம் எடுக்கிறது, அசை போடுகிறது, பாலும் குறையவில்லை. அதன் பாலைச் சில வேளைகளில் காய்ச்சாமலும் குடித்திருக்கிறோம். மனிதருக்குத் தரும் மருந்தால் மாட்டைக் குணப்படுத்த முடியாதா, குழந்தைகளுக்கு ஆபத்து உண்டா என்பதை விவரம் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

பதில் 1 (கால்நடை மருத்துவர்):
மாடு பார்வைக்கு நன்றாக இருப்பதை வைத்து முடிவுக்கு வந்துவிட வேண்டாம். மைக்கோபாக்டீரியம் போவிஸ் என்னும் இந்தக் கிருமி மாதக்கணக்கில், சில மாடுகளில் ஆண்டுக்கணக்கில்கூட, வெளியே தெரியாமல் இருக்கும். உடல் இளைப்பதும் விடாத இருமலும் நோய் முற்றிய பிறகே வரும். அப்படி மிகவும் முற்றிய மாட்டில், உடல் எதிர்வினை காட்டும் திறனையே இழந்துவிடுவதால், தோல் தடிக்காமலும் போகலாம் என்பது இந்தச் சோதனையின் பெரிய குறை. வேறு உறவுக் கிருமிகளாலும் தடிப்பு வரக்கூடும் என்பதால், மாட்டு டியூபர்குலினையும் பறவை டியூபர்குலினையும் (மாட்டு வகை, பறவை வகைக் கிருமிகளிலிருந்து எடுத்த ஊசிமருந்துகள்) கழுத்தில் அருகருகே போட்டு, 72 மணி நேரம் கழித்து இரண்டு தடிப்புகளையும் அளந்து ஒப்பிடும் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

மருந்து கொடுக்க வேண்டாம். பல மாதங்கள் கொடுத்தாலும் கிருமி முழுமையாக ஒழியும் என்ற உறுதி இல்லை. மருந்து பாலில் கலக்கும், மருந்துக்கு அடங்காத கிருமியும் உருவாகலாம். நோய் உறுதியானால் மாட்டை மந்தையிலிருந்து நீக்குவதே முறை. அதை இன்னொருவருக்கு விற்பது அவருடைய தொழுவத்துக்கு நோயை அனுப்புவதாகும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

பதில் 2 (பொதுநல மருத்துவர்):
பாலை 72 டிகிரி செல்சியஸில் 15 நொடிகள் சூடாக்கினாலே இந்தக் கிருமி அழிந்துவிடும். ஆகவே பொங்கக் காய்ச்சிய பாலைப் பற்றி அச்சம் வேண்டியதில்லை. காய்ச்சாத பாலிலிருந்து எடுத்த வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் அப்படியல்ல. காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த ராபர்ட் கோக்கே, 1901இல் மாட்டு நோயால் மனிதருக்குப் பெரிய ஆபத்தில்லை என்று கருதினார். அதை ஆராய்ந்த பிரிட்டன் அரச ஆணையம் 1911இல் தந்த இறுதி அறிக்கையில், அது மனிதருக்கும், குறிப்பாகக் குழந்தைகளுக்குப் பால் வழியாகவும், பரவும் என்று உறுதிப்படுத்தியது.

பால் வழியாக வரும் தொற்று பெரும்பாலும் நுரையீரலை விட்டுவிட்டுக் கழுத்து நெறிகளையும் (நிணநீர்க் கணுக்களையும்) வயிற்றையும் தாக்கும். இருமல் இல்லை என்று நிம்மதியடையாமல், கழுத்தில் வலியற்ற கட்டி, நீடித்த காய்ச்சல், எடைக் குறைவு ஆகியவற்றைக் கவனியுங்கள். மருத்துவரிடம் செல்லும்போது மாட்டின் சோதனை முடிவை அவசியம் சொல்லுங்கள். காசநோய்க்கு முதலில் தரும் நான்கு மருந்துகளில் ஒன்றான பைரசினமைடு, இந்தக் கிருமியிடம் இயல்பாகவே பலிப்பதில்லை. சளியை நுண்ணோக்கியில் பார்த்தோ, வழக்கமான விரைவு மரபணுச் சோதனையாலோ இது எந்த வகைக் கிருமி என்று பிரித்தறிய முடியாது. நீங்கள் சொன்னால்தான் மருத்துவருக்கு அந்த ஐயமே எழும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. பால் கறப்பவருக்குச் சில வாரங்களாக இருமல் இருக்கிறது. அவரையும் சோதிக்க வேண்டுமா?

பதில் 1 அளித்தவர்:
கட்டாயம், தாமதிக்காமல். மூடிய தொழுவத்தில் மாட்டின் மூச்சுக்காற்று வழியாகவும் தொற்று வரும்; காசநோய் உள்ள மனிதரிடமிருந்து மாட்டுக்குப் போவதும் உண்டு. முடிவு தெரியும்வரை அவர் தொழுவத்துக்குள் வர வேண்டாம், அந்த மாட்டின் கன்றுக்கு வேறு மாட்டின் காய்ச்சி ஆறவைத்த பாலைக் கொடுங்கள், மற்ற மாடுகளுக்கு மறுசோதனை எப்போது என்பதை உங்கள் கால்நடை மருத்துவரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.