முழங்கால் அறுவை முடிந்த மாமியாருக்கு எந்தக் கட்டில், எந்தத் தலைமாட்டுப் பலகை?

காங்கயத்து மருமகள்:
வணக்கம். என் மாமியாருக்கு வயது 71. வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை முடிந்து வீட்டுக்கு வந்திருக்கிறார். பழைய நாடாக் கட்டில் நடுவில் தொய்ந்து கிடக்கிறது. அதிலிருந்து எழுப்ப இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருக்கிறது. திருப்பூரில் ஒரு கடையில் ஆறரைக்கு ஆறு அடியில், கீழே பெட்டியும் தலைமாட்டில் பஞ்சும் துணியும் வைத்துத் தைத்த பலகையுமாக ஒன்று பார்த்தோம். என் கணவருக்கு அதன்மேல்தான் கண். அறை பத்துக்குப் பத்து, மேற்கே ஜன்னல். அத்தை பகலில் பாதி நேரம் கட்டிலில் சாய்ந்தபடிதான் செய்தித்தாள் படிப்பார், சின்ன வெங்காயம் உரிப்பார். தலைக்குத் தினமும் தேங்காய் எண்ணெய் வைப்பார். மாமனாரோ, போன தையில் வெட்டிய வேம்பு தோட்டத்தில் கிடக்கிறதே, அதிலேயே செய்தால் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பனியன் ஊர்க்காரன்:
அக்கா, யோசிக்காமல் பெட்டிக் கட்டிலையே வாங்குங்கள். எங்கள் வீட்டில் பவானி ஜமக்காளம், சென்னிமலைப் போர்வை எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டன. துணிப் பலகையில் சாய்ந்தால் முதுகுக்கும் சுகம்.

பட்டறை ஆசாரி, கோபி:
அம்மிணி, கடைக்காரர் கட்டிலைத்தான் காட்டுவார். நீங்கள் முதலில் அத்தையின் காலை அளந்துவிட்டுப் பேசுங்கள். நாற்காலியில் உட்காரவைத்து, பாதம் தரையில் படிந்திருக்கும்போது தரையிலிருந்து முழங்கால் மடிப்புவரை எத்தனை அங்குலம் என்று பாருங்கள். பதினாறு என்று வைத்துக்கொள்வோம். அறுவை முடிந்தவருக்கு அதற்கு மேல் மூன்று அங்குலம் கூட்டினால் எழுவது எளிது. ஆக, உட்காரும் உயரம் பத்தொன்பது. ஐந்து அங்குல மெத்தை ஆள் உட்கார்ந்தால் ஓர் அங்குலம் அமுங்கும். எனவே மெத்தை விரிக்கும் பலகை பதினைந்தில் நிற்க வேண்டும். கடைகளில் பதினெட்டு அங்குலக் கட்டில்மேல் எட்டு அங்குல மெத்தையைப் போட்டுக் காட்டுகிறார்கள். பார்க்கக் கம்பீரம்தான். அத்தையின் கால் தரையில் படாது.

அடுத்தது தலைமாட்டுப் பலகை. வெறுமனே படுத்துத் தூங்குகிறவருக்கு அது ஓர் அலங்காரம், இல்லாவிட்டாலும் குடிமுழுகாது. சாய்ந்து வெங்காயம் உரிக்கிறவருக்கு அதுதான் நாற்காலி முதுகு. செங்குத்தாக நின்றால் இடுப்பு முன்னால் வழுக்கிக்கொண்டே போகும். மெத்தைக்கு மேலே இரண்டடி உயரம் இருக்கட்டும்; அந்த இரண்டடிக்குள் மேல்முனை நான்கு அங்குலம் பின்னால் சாய்ந்திருக்கட்டும். அந்தச் சாய்வுக்காகக் கட்டில் சுவரைவிட்டுத் தள்ளி நிற்கும். சுவர் ஓதம் ஏறினாலும் பலகையைத் தொடாது. கடைசல் பூவேலை, நடுவில் புடைத்த தாமரை எல்லாம் வேண்டாம். முதுகில் அழுத்தும்.

துணிப் பலகை உங்கள் ஊருக்கு ஆகாது என்பதே என் எண்ணம். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மேற்கு ஜன்னலில் மண்ணைக் கொண்டுவந்து கொட்டும். அதன்மேல் தேங்காய் எண்ணெயும் சேர்ந்தால் ஒரே வருடத்தில் தலை படும் இடம் கறுத்துப்போகும். கழற்றித் துவைக்கவும் முடியாது. ரெக்சின் என்றால் துடைக்கலாம், ஆனால் வெயில் பட்டு உரிந்துவிடும். மரப்பலகையை ஈரத்துணியால் துடைத்தால் முடிந்தது.

பெட்டியைப் பற்றி அந்தத் தம்பி சொன்னது அவர் வீட்டுக்குச் சரி. பொள்ளாச்சித் தென்னைநார் மெத்தை போடுவீர்களானால் அடியில் காற்று புக வேண்டும். பெட்டி மூடிக்கிடந்தால் ஐப்பசி மழையில் பூசண வாடை வரும். தவிர, போர்வை எடுக்க ஒவ்வொரு முறையும் மெத்தையோடு தூக்க வேண்டும். அத்தையால் ஆகிற வேலையா அது?

வேம்பைப் பற்றி மாமனார் சொல்வதில் பாதி சரி. நல்ல மரம், கசப்பு இருப்பதால் பூச்சிக்கும் அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் முழுத்தடியாக மண்ணில் கிடந்தால் உள் ஈரம் போகாது. அறுத்து, பலகைக்குப் பலகை குச்சி கொடுத்து அடுக்கி, நிழலில் மாதக்கணக்கில் காயவிட வேண்டும். அவசரப்பட்டால் முறுக்கிக்கொண்டு வெடிக்கும். வெளுத்த ஓரக்கட்டையைக் கழித்துவிட்டுச் சிவந்த வைரத்தை மட்டும் எடுங்கள். தேக்கானாலும் இதே கதைதான், வெள்ளைக்கட்டை உளுக்கும். இப்போதைக்குக் காய்ந்த மரத்தில் செய்துகொள்ளுங்கள், வேம்பு மெல்லக் காயட்டும்.

மருந்தில்லா வைத்தியர் (பிசியோதெரபி):
ஆசாரி ஐயா சொன்ன உயரத்தை வழிமொழிகிறேன். அவர் விட்ட ஒன்று: கால்மாட்டில் உயரப் பலகை வேண்டாம், வாக்கர் இடிக்கும். பத்தடி அறையில் ஆறடி அகலக் கட்டிலை நடுவில் போட்டால் பக்கத்துக்கு இரண்டடிதான் மிஞ்சும்; வாக்கரோடு திரும்பத் தாராளமாக மூன்றடி வேண்டும். அத்தை இறங்கும் பக்கத்தில் மிதியடி விரிக்காதீர்கள்.

காங்கயத்து மருமகள்:
அளந்தேன், பதினாறேதான்! மாமனாரிடம் சொன்னதும் மர அறுவை மில்லுக்கு ஆள் அனுப்பிவிட்டார். கணவர் பெட்டியை விட்டுவிட்டார், அகலத்தில் நாலடிக்கு இறங்கிவந்தார். ஆனால் வெறும் மரம் முதுகுக்குக் கடினம் என்று இன்னும் முணுமுணுக்கிறார்.

பட்டறை ஆசாரி, கோபி:
அதற்கும் வழி இருக்கிறது. ஆறேகாலுக்கு நாலு போதும், ஒரு பக்கம் சுவரோடு ஒதுக்கிவிடலாம். தலைமாட்டுக்கு இரண்டு அங்குலத் திண்டு தைத்து, சென்னிமலைத் துணியில் இரண்டு உறை போட்டுக்கொள்ளுங்கள். ஒன்று துவைக்கப் போனால் ஒன்று இருக்கும். திண்டு சரியாமல் இருக்கப் பலகையின் மேல்விளிம்பில் நாலு துளை போடச் சொல்லி, நாடாவால் கட்டிவிடலாம். முடிச்சு சுவர்ப்பக்கம் வரட்டும், முன்னால் வந்தால் குத்தும்.